வீட்டுத் தோட்டத்துக்குச் சொட்டுநீர்: தொட்டியின் உயரத்திலிருந்து தொடங்குங்கள்

கடைகளிலும் இணையத்திலும் பெட்டியாகக் கிடைக்கும் சொட்டுநீர்த் தொகுப்புகளில் பல, குழாயைத் திறந்ததும் சீறிக்கொண்டு வரும் தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. நம் வீடுகளில் பெரும்பாலும் அந்த அழுத்தம் கிடையாது. மோட்டார் மேல்நிலைத் தொட்டியை நிரப்புகிறது. தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால் கீழே இறங்குகிறது. கீழ்த்தளத்துக் குளியலறையில் போதுமான வேகத்தில் வரும் அதே தண்ணீர், மொட்டை மாடியில் தொட்டிக்கு அருகிலேயே இருக்கும் செடிப் பைகளுக்கு வந்து சேரும்போது மிகவும் சோர்ந்துவிடும். மாடித் தோட்டத்துக்குச் சொட்டுநீர் போட்டுவிட்டு, "முதல் பைக்குத் தண்ணீர் வருகிறது, கடைசிப் பை காய்கிறது" என்று அலுத்துக்கொள்பவர்களின் வீடுகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. திருச்சியில் எங்கள் வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் சொட்டுநீர் அமைத்தபோது கடைகளில் கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் வயலுக்கு உரியவையாகவே இருந்தன. வீட்டுக்கு வேண்டியதை ஒவ்வொன்றாக விசாரித்தும் அளந்தும்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அதை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன்.

மாசி மாதத்தில் வேலையை முடித்துவிடுவது நல்லது. பங்குனி பிறந்துவிட்டால் பிளம்பர்களைப் பிடிப்பது கடினம். கத்திரி வெயிலில் புதிய அமைப்பைச் சோதித்துப் பார்ப்பதற்குச் செடிகள் அவகாசம் தரமாட்டா.

1. உயரத்தை அளவிடுங்கள்

ஒரு மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் தரும். செடியருகே தண்ணீரைச் சொட்டவிடும் சிறு முனைகளான டிரிப்பர்களின் மேல் 2, 4, 8 எல்.பி.எச். என்று, அதாவது மணிக்கு இத்தனை லிட்டர் என்று, குறிப்பிடும் அளவு வழக்கமாக 1 பார் அழுத்தத்துக்கானது. அந்த அழுத்தத்துக்குச் சுமார் 10 மீட்டர் உயரம் வேண்டும். மாடித் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் தொட்டி இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.25 பார், அந்த அழுத்தத்தில் 8 எல்.பி.எச். டிரிப்பர் ஏறத்தாழ 4 லிட்டரும், 4 எல்.பி.எச். டிரிப்பர் 2 லிட்டரும் தரும். அழுத்தம் நான்கில் ஒரு பங்கானால் நீரளவு பாதியாகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் தடுமாற வேண்டியதில்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்குச் செல்லுங்கள். தொட்டியின் அடிப்பாகத்துக்கும் டிரிப்பர் அமரப்போகும் இடத்துக்கும் இடையிலுள்ள செங்குத்து உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் இன்னும் ஒரு மீட்டர் மேலே இருக்கலாம், ஆனால் தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்காது என்பதால் அடிப்பாகத்தையே கணக்கில் கொள்ளுங்கள். தரையில் வைத்த பைகள், இரும்புத் தாங்கிகளின் மேல் வைத்த பைகள், கைப்பிடிச் சுவரில் தொங்கும் பூந்தொட்டிகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். உதாரணமாக, தொட்டியின் அடி தரையிலிருந்து 2 மீட்டரில் இருக்கிறது, தொங்கும் பூந்தொட்டி ஒன்றரை மீட்டரில் இருக்கிறது என்றால், தரையில் உள்ள பைக்கு 2 மீட்டர் உயரமும் தொங்கும் பூந்தொட்டிக்கு அரை மீட்டர் உயரமும்தான் மிஞ்சும். ஒரே டிரிப்பரைப் போட்டாலும் மேலே உள்ளது கீழே உள்ளதில் பாதித் தண்ணீரையே பெறும். இப்படிப்பட்ட இடங்களில் உயரவாரியாகத் தனி லைன்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைப்பதுதான் வழி.

கீழே, வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில் மரங்களும் செடிகளும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஒரு மாடி வீட்டின் உச்சியிலுள்ள தொட்டியிலிருந்து தரை வரை ஆறு, ஏழு மீட்டருக்குமேல் உயரம் கிடைக்கும். சாதாரண டிரிப்பர்கள் அங்கே நன்றாகவே வேலை செய்யும்.

அழுத்தச் சீராக்கி உள்ள டிரிப்பர் என்று ஒரு வகை உண்டு, கடைகளில் அதைப் "பி.சி. டிரிப்பர்" என்பார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவு தண்ணீர் தரும் என்று சொல்லி அதிக விலைக்குத் தருவார்கள். சொல்வது உண்மைதான்; ஆனால் அதன் உள்ளேயுள்ள ரப்பர் சவ்வு ஒழுங்காக இயங்க வழக்கமாக 0.5 பார் அல்லது அதற்கு மேல் அழுத்தம் தேவை. மோட்டார் வைத்து நேரடியாகத் தண்ணீர் தள்ளும் அமைப்புக்கே அது பெரும்பாலும் பொருந்தும். மாடித் தோட்டத்துக்குத் தொட்டியின் அழுத்தத்தையே நம்பியிருப்பவர்கள் அதை வாங்க வேண்டாம்.

2. தண்ணீர் எது, அனுமதி யாருடையது

வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர், மாநகராட்சி நீர், இரண்டும் கலந்த நீர் ஆகியவற்றில் எது தோட்டத்துக்குப் போகப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுப்பது தடை செய்யப்பட்ட செயல். மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள். அந்தக் குழாயைச் சொட்டுநீருடன் நேராக இணைப்பதும் பயனற்றது, ஏனெனில் தண்ணீர் வரும் நேரம் நம் கையில் இல்லை. எதுவாயினும் தொட்டியில் ஏற்றியே பயன்படுத்துங்கள்.

ஆழ்துளை நீராக இருந்தால் நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் விரும்பத்தக்க வரம்பு; வேறு நீர் இல்லாத நிலையில் 2000 வரை அனுமதிக்கப்படுகிறது. 2000-ஐ நெருங்கும் நீர் செடிக்கும் நல்லதன்று, டிரிப்பருக்கும் நல்லதன்று. டிரிப்பரின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துகொண்டே இருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் சேர்த்துச் சொட்டுநீரில் விடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மூல நீரில் இருந்த உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக் கழிவுநீரும் அப்படியே: எண்ணெயும் பருக்கையும் கலந்த அந்நீரை வாழைப் பாத்திக்கு நேராக விடலாம், டிரிப்பர் வழியாக விடவே முடியாது.

வாடகை வீடாக இருந்தால் தொட்டியில் துளையிடுவதற்கு வீட்டு உரிமையாளரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் செய்தியாக இருந்தாலும் போதும். அடுக்குமாடிக் குடியிருப்பில் தொட்டியும் மாடியும் பொதுச் சொத்து என்பதால் சங்கத்தின் அனுமதிக் கடிதம் தேவை. அதில் "பொதுத் தொட்டியிலிருந்து இணைப்பு" என்றும் "மாடியில் பைகள் வைத்தல்" என்றும் இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். பிற்காலத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

3. மானியம் உங்களுக்குப் பொருந்துமா

"சொட்டுநீருக்கு அரசு நூறு சதவீதம் மானியம் தருகிறதே" என்று யாராவது சொல்வார்கள். சொல்வது சரி, ஆனால் அது விவசாய நிலத்துக்கு. "ஒவ்வொரு துளி நீரிலும் அதிகப் பயிர்" என்னும் நுண்ணீர்ப் பாசனத் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. வீட்டு மனையிலுள்ள தோட்டமும் மாடித் தோட்டமும் இதில் அடங்கா.

ஊரில் வீட்டை ஒட்டியே பட்டா நிலம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கணினிச் சிட்டா, அடங்கல், நிலத்தின் புல வரைபடம், ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், மார்பளவுப் புகைப்படங்கள் ஆகியவற்றுடன், வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயிச் சான்றிதழும் வேண்டும். சிட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எடுத்துக்கொள்ளலாம். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரை அணுகுங்கள். காய்கறி, பழம், பூ பயிரிட்டால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், நெல், கரும்பு, தானியம், பயறு என்றால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். சிறு, குறு விவசாயிச் சான்றிதழுக்குத்தான் காலம் பிடிக்கும், ஆகவே அதற்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு மற்றவற்றைத் திரட்டுங்கள். சிட்டாவில் இறந்துபோன தாத்தாவின் பெயரோ கூட்டுப் பட்டாவோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் கோப்பு நகராது.

பணியாணை கிடைக்கும் முன்பு நீங்களாகக் கடையில் வாங்கிய பொருளுக்கு மானியம் கேட்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களுள் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்க, அந்நிறுவனமே அளந்து, வரைபடம் தந்து, அமைத்துக் கொடுக்கும். மற்ற அனைவரும் இந்தப் பகுதியை மறந்துவிட்டுச் சொந்தச் செலவுக்குத் தயாராகலாம். செலவும் அவ்வளவு பெரிதன்று.

4. வரைபடம்

கோடிட்ட தாளில் மாடியின் நீள அகலத்தை வரைந்து, தொட்டி, பைகள், நடைபாதை, மழைநீர் வடியும் வாய் ஆகியவற்றைக் குறியுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்கும் செடிகளையும் குறைவாகக் குடிப்பவற்றையும் ஒரே லைனில் கோக்காதீர்கள். தக்காளி, கத்தரி, புடலை, சுரைக்காய் ஒரு லைன். கீரை, மல்லி, புதினா மற்றொரு லைன். கற்றாழை போன்றவற்றுக்குச் சொட்டுநீரே வேண்டாம். தொட்டி அழுத்தத்தில் ஒரு 16 மி.மீ. லைனை 20 மீட்டர் நீளத்துக்குள்ளும் 40 டிரிப்பர்களுக்குள்ளும் வைத்துக்கொண்டால் முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் பெரிய வேறுபாடு வராது. லைன் தொட்டியிலிருந்து கீழிறங்கி, பிறகு சமமாக ஓட வேண்டும். நடுவில் வாசற்படியின் மேல் வில்லாக வளைத்துத் தூக்கினால் அந்த மேட்டில் காற்று அடைத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்தில் தண்ணீரை முன்னேற விடாது.

5. வாங்குதல்

இணையத்தில் வாங்குவதைவிட ஊரிலுள்ள பாசனக் கருவிக் கடையில் உதிரியாக வாங்குவதே நல்லது; அளவு பொருந்தாவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். 40 பைகள் உள்ள ஒரு மாடிக்கு வேண்டியவை இவை: 16 மி.மீ. கறுப்பு லேட்டரல் குழாய் (டிரிப்பர்களைக் குத்தும் கிளைக்குழாய்) 40 மீட்டர், உபரி சேர்த்து 50 டிரிப்பர்கள், தொட்டியிலிருந்து குழாயை வெளியே எடுக்க முக்கால் அங்குலத் தொட்டி நிப்பிள், உள்ளேயுள்ள உருண்டையைத் திருப்பித் திறக்கும் முக்கால் அங்குல பால் வால்வு, ஸ்கிரீன் ஃபில்டர் (வலை வடிகட்டி), கொஞ்சம் பி.வி.சி. குழாய், லேட்டரல் தொடங்கும் இடங்களுக்கு ரப்பர் வாஷருடன் டேக் ஆஃப், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு 16 மி.மீ. சிறு வால்வு, டீ, எல்போ, ஜாயினர், எண்ட் கேப், தவறாகப் போட்ட துளையை அடைக்கும் டம்மி, துளையிடும் பஞ்ச். பை லைனிலிருந்து தள்ளி இருந்தால் 4 மி.மீ. மைக்ரோ டியூபும், அதைப் பையில் குத்தி நிறுத்தும் குச்சியும் வேண்டும்.

நான் விசாரித்த கடைகளில் லேட்டரல் மீட்டருக்கு 10 முதல் 15 ரூபாய், டிரிப்பர் ஒன்றுக்கு 4 முதல் 8 ரூபாய், சிறு ஃபில்டர் 200 முதல் 500 ரூபாய் என்று இருந்தது. பி.வி.சி., வால்வுகள், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 600 முதல் 900 ரூபாய். தொட்டியில் துளையிட்டு நிப்பிள் போடும் பிளம்பருக்கு 700 முதல் 1,000 ரூபாய். ஆக, வால்வை நேரப்படி தானாகத் திறந்து மூடும் டைமர் இல்லாமல் 2,100 ரூபாயிலிருந்து 3,400 ரூபாய்க்குள் முடியும். டைமர் வைத்தால் அது மட்டுமே இன்னொரு 2,000 முதல் 3,500 ரூபாய். ஊருக்கு ஊர் விலை மாறும். ஆனால் 40 பைகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று மதிப்பீடு தருபவரிடம் அதில் என்னென்ன அடங்கும் என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள்.

லேட்டரல் குழாயில் ஐ.எஸ். 12786 என்றும், டிரிப்பர் உள்ளேயே பதித்து வரும் இன்லைன் குழாயில் ஐ.எஸ். 13488 என்றும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் சீரான இடைவெளியில் அச்சிட்டிருப்பார்கள். அச்சில்லாத குழாய் மலிவாகக் கிடைக்கும். இரண்டு கோடைகளில் வெயில் பட்டு வெடித்துவிடும். கறுப்பு நிறக் குழாயையே கேளுங்கள். ஒளி ஊடுருவும் குழாய்க்குள் பாசி பிடிக்கும்.

டிரிப்பரைப் பொறுத்தவரை, கழற்றிக் கழுவக்கூடிய 8 எல்.பி.எச். வகையே மாடிக்கு என் தேர்வு. திருகி அளவை மாற்றும் வகை பார்க்க வசதியாகத் தோன்றும், ஆனால் ஒன்றைத் திருகினால் அதே லைனிலுள்ள மற்றவை மாறும். அத்தனையையும் சமப்படுத்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நான்கைந்து பெரிய செடித் தொட்டிகள் மட்டும் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். மண்ணில் நீளமாகப் பாத்தி கட்டியிருந்தால் 30 அல்லது 40 செ.மீ. இடைவெளியுள்ள இன்லைன் குழாயை அப்படியே விரித்துவிடலாம்.

ஃபில்டரில் சிக்கனம் வேண்டாம். 120 மெஷ் ஸ்கிரீன் ஃபில்டர் வீட்டுக்குப் போதும். பாசி அதிகமுள்ள தொட்டி என்றால் டிஸ்க் ஃபில்டர் (வட்டத் தகடுகளை அடுக்கிய வடிகட்டி) வாங்குங்கள்.

ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீதை வாங்கி, கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். டைமர் பழுதானால் உத்தரவாதத்துக்குக் கடைக்காரர் கேட்பது அதைத்தான்.

6. பொருத்துதல்

பிளம்பர் குளியலறைக்குப் போகும் குழாயிலேயே டீ போட்டு முடித்துவிடப் பார்ப்பார். சம்மதிக்காதீர்கள். கீழே யாராவது குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சொட்டு நிற்கும். அப்போது குழாயில் உண்டாகும் உறிஞ்சலில் பையிலுள்ள மண் டிரிப்பருக்குள் போகும், அந்த மண்நீர் வீட்டுக் குழாயிலும் கலக்கலாம். தொட்டியின் அடியிலிருந்து மூன்று நான்கு அங்குலம் மேலே, தோட்டத்துக்கென்று தனி நிப்பிள் போடச் சொல்லுங்கள். அடியில் படியும் சேறு அப்போது ஃபில்டருக்கு வராது. இடமிருந்தால் 200 லிட்டர் பீப்பாய் ஒன்றை உயரமான மேடையில் வைத்து, அதைத் தோட்டத்துக்கென்றே ஒதுக்குவது இன்னும் சிறந்தது.

வரிசை இப்படி அமைய வேண்டும்: நிப்பிள், கையால் திறக்கும் பால் வால்வு, ஃபில்டர், டைமர், அதன்பின் பி.வி.சி. மெயின் லைன், அதிலிருந்து லேட்டரல்கள். ஃபில்டரின் மேலுள்ள அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். ஃபில்டரைக் கழற்றுவதற்குக் கை நுழையும் இடம் விட்டு, இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் வைக்கச் சொல்லுங்கள். பேஸ்ட் தடவி நிரந்தரமாக ஒட்டிவிட்டால் கழுவும் நாளில் அறுக்க வேண்டிவரும். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும்; பெயின்ட் அடித்துவிடுங்கள், அல்லது சுவரின் நிழலில் ஓட்டுங்கள்.

லேட்டரல் சுருளை ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் நேராகிவிடும். ஜாயினருக்குள் போக மறுக்கும் முனையைச் சுடுநீரில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். விரலுக்கு இளகி, தள்ளியதும் சரக்கென்று உட்காரும். ஆறியபின் இறுகிக்கொள்ளும். நெருப்பில் காட்டாதீர்கள், முனை கோணிப்போகும். குழாயை இழுத்துக் கட்டாமல் சற்றுத் தளர்வாகவே விடுங்கள். பகலில் நீண்டு இரவில் சுருங்கும் குழாய், இறுக்கமாக இருந்தால் இணைப்பிலிருந்து கழன்றுவிடும். விடியற்காலையில் தொட்டி காலியாகிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

டிரிப்பர்களைக் குத்தும் முன்பு முனைகளைத் திறந்தே வைத்து ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். துளையிட்ட பிசிறும், பி.வி.சி. அறுத்த தூளும் கொத்தாக வெளியே வரும். இதைச் செய்யாவிட்டால் புதிய டிரிப்பர்கள் முதல் நாளே அடைத்துக்கொள்ளும். அதன்பின் துளையிட்டு, டிரிப்பரைப் பொருத்தி, இறுதியில் எண்ட் கேப் போடுங்கள். டிரிப்பர் மண்ணில் புதையாமல் ஒரு விரலளவு மேலே நிற்கட்டும்.

7. டைமர்

வேலைக்குப் போகிறவர்களும் ஊருக்குப் போகிறவர்களும் டைமரை நாடுவார்கள். பணம் வீணாகும் இடமும் இதுதான். மின்கலத்தில் ஓடும் டைமர்களில் இரண்டு வகை உண்டு. சொலினாய்டு வால்வு, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் வால்வு, உள்ளவை திறக்கவும் மூடவும் தண்ணீரின் அழுத்தத்தையே துணைக்கொள்கின்றன. மாடித் தொட்டியின் குறைந்த அழுத்தத்தில் அவை திறக்காமல் போகலாம், திறந்தபின் மூடாமலும் போகலாம். பால் வால்வு உள்ளவற்றில் ஒரு சிறு மோட்டார் உருண்டையைத் திருப்புவதால் அழுத்தம் தேவையில்லை. பெட்டியில் இயங்கு அழுத்தம் என்று அச்சிட்ட இடத்தைப் பாருங்கள்: 0 பாரிலிருந்து தொடங்கினால் வாங்கலாம், 0.5 பார் என்று தொடங்கினால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடையில் இந்த வேறுபாட்டைச் சொல்ல வாய்ப்பில்லை.

மின்கலம் தீரும் நேரத்தில் வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் என்ன ஆகும் என்றும் கணக்கிடுங்கள். 40 டிரிப்பர்கள் மணிக்கு 2 லிட்டர் வீதம் சொட்டினால் மணிக்கு 80 லிட்டர். ஆயிரம் லிட்டர்த் தொட்டி பன்னிரண்டரை மணி நேரத்தில் காலி. தோட்டத்துக்குத் தனிப் பீப்பாய் வைத்திருந்தால் இழப்பு அந்த 200 லிட்டரோடு நின்றுவிடும். வெளியூர் போவதாக இருந்தால் டைமரைப் பொருத்திய மறுநாளே கிளம்பாதீர்கள். வீட்டில் இருந்தபடி ஒரு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். புது மின்கலம் போட்டுவிட்டுச் செல்லுங்கள். சம்ப் மோட்டாரைக் கையால் போடும் வீடாக இருந்தால், தொட்டியை நிரப்ப ஆள் இல்லாதபோது டைமரால் பயனில்லை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

8. கிண்ணச் சோதனை

வால்வைத் திறந்து, எல்லா டிரிப்பர்களும் சொட்டத் தொடங்கியபின், லைனின் தொடக்கம், நடு, கடைசி, மிக உயரமான இடம் ஆகிய நான்கிலும் கிண்ணம் வையுங்கள். 15 நிமிடம் கழித்து மருந்துப் புட்டியின் அளவுக் குவளையாலோ சமையலறை அளவுக் குடுவையாலோ அளந்து நான்கால் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை மில்லி என்பது கிடைக்கும். முதல் கிண்ணத்தில் 500 மில்லி, கடைசியில் 450 மில்லி என்றால் நிம்மதியாக இருக்கலாம். கடைசியில் 250 மில்லி என்றால் முதலில் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், பிறகு குழாய் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதன்பின் காற்றடைப்பைத் தேடுங்கள். மூன்றும் இல்லையென்றால் லைனை இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான்.

இந்த அளவைச் சுவரிலோ தாளிலோ எழுதி வையுங்கள். பிற்காலத்தில் அடைப்பு வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் கிடையாது.

9. எவ்வளவு நேரம் விடுவது

அங்குல அளவில் 12-க்கு 12 பையில் காய்க்கும் பருவத்திலுள்ள தக்காளிக்கோ கத்தரிக்கோ சித்திரை, வைகாசியில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை தேவைப்படுகிறது. மார்கழி, தை மாதங்களில் அதில் பாதி போதும். கிண்ணச் சோதனையில் மணிக்கு 2 லிட்டர் கிடைத்திருந்தால், ஒன்றரை லிட்டருக்கு 45 நிமிடம். அதை ஒரே வீச்சில் விடாமல் காலை ஆறு மணிக்கு 25 நிமிடமும் மாலை ஐந்து மணிக்கு 20 நிமிடமும் எனப் பிரியுங்கள், ஏனெனில் ஒரே நேரத்தில் விட்டால் பாதித் தண்ணீர் பையின் அடித்துளை வழியே மாடித் தரைக்குப் போய்விடும். பையில் நிரப்பியிருக்கும் தென்னை நார்க் கழிவு ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஓரமாக வழிந்தோடும். அப்படிக் காய்ந்த பையை முதலில் கையால் நன்றாக நனைத்துவிட்டுப் பிறகு சொட்டுநீரிடம் ஒப்படையுங்கள்.

மண்ணில் நட்டவற்றுக்கு நாள்தோறும் விடத் தேவையில்லை. மணற்பாங்கான மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கிவிடும் என்பதால் டிரிப்பர்களை நெருக்கமாக வைத்துக் குறைந்த நேரம் அடிக்கடி விடுங்கள். களிமண்ணிலும் கரிசலிலும் ஈரம் அகலமாகப் பரவும். இடைவெளியைக் கூட்டி, நேரத்தை நீட்டி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை விடலாம். இளம் மரக்கன்றுக்குத் தண்டருகே ஒரு டிரிப்பர் போதும். மரம் வளர வளர டிரிப்பரை வெளிப்புறம் நகர்த்தி, எண்ணிக்கையையும் கூட்ட வேண்டும். தண்டை ஒட்டியே நனைத்துக்கொண்டிருந்தால் அடி அழுகும்.

விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பார்ப்பதை எந்த டைமரும் ஈடுசெய்யாது.

10. பராமரிப்பு

ஆழ்துளை நீர் என்றால் வாரம் ஒருமுறையும், மற்றபடி பதினைந்து நாளுக்கொருமுறையும் ஃபில்டர் வலையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை எண்ட் கேப்களைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள். உப்புப் படிந்த டிரிப்பர்களைக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரிலோ ஓரிரவு ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். வயல்களில் குழாய்க்குள் அமிலம் செலுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் அதைச் செய்யாதீர்கள். நம் தொட்டியின் தண்ணீர்தான் சமையலறைக்கும் போகிறது. அதே காரணத்தால் வீட்டுத் தொட்டியோடு இணைந்த லைனில் உரம் கலப்பதும் கூடாது. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்றவற்றை எவ்வளவு வடிகட்டினாலும் டிரிப்பர் அடைக்கும். அவற்றைக் கையாலேயே ஊற்றுங்கள்.

கோடையில் அணில்கள் தாகத்துக்காகக் குழாயைக் கடிக்கும். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் கடி பெரிதும் குறைந்தது. அந்தச் சட்டியின் தண்ணீரையும், பைகளுக்கு அடியிலுள்ள தட்டுகளில் தேங்கும் தண்ணீரையும் இரண்டு நாளுக்கொருமுறை கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசு முட்டையிடும். கடித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஒரு ஜாயினர் போட்டால் ஐந்து நிமிட வேலை. ஆகையால் பத்து ஜாயினர்களும் பத்து டம்மிகளும் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் பால் வால்வை மூடி, டைமரின் மின்கலங்களைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும். லைனின் முனைகளைத் திறந்து உள்ளிருக்கும் நீரை வடித்துவிட்டு, எறும்பும் குளவியும் புகாதபடி மீண்டும் மூடிவிடுங்கள். தை பிறந்து மழை ஓய்ந்தபின், ஃபில்டரைக் கழுவி, முனைகளைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு, கிண்ணச் சோதனையை மறுபடி செய்து, எழுதி வைத்த பழைய அளவோடு ஒப்பிட்ட பிறகே டைமருக்கு மின்கலம் போடுங்கள்.